தன்மை ஒருமை

மணிக்கு எழுபது பிராங்.
ரயில் காசு புறம்பு.
மொழிபெயர்க்கிறவனுக்கு விதி மூன்று:
கூட்டாதே. குறைக்காதே.
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்.

இருபது வருசம்
பிறர் வாயின் நானாக இருந்திருக்கிறேன்.
நான் முகாமில் எட்டு மாதம் இருந்தேன்.
நான் வாடகை கட்டவில்லை.
எனக்கு மார்பில் கட்டி.
நான் அவளை அடிக்கவேயில்லை, ஐயா.
மாலை ரயிலில் எல்லாரையும்
இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்குவேன்.

பீல் நகரத்தில்
தெருவுக்குத் தெரு இரண்டு மொழியில் பேர்ப்பலகை.
பதிவகம் இரண்டாம் மாடியில்.
பெப்ரவரி. மூலையில் ஈரக் குடைகள்.
திருமதி எபிஷர் படிவத்தைத் திருப்பி வைத்தார்.
எதிரே பருத்தித்துறைப் பேச்சு,
பாதி உரிந்த நகப்பூச்சு.

"நான் பெண்.
இதில எனக்குச் சந்தேகமில்லை."

டொச்சில் நான் சொன்னேன்:
நான் பெண்.
இதில் எனக்குச் சந்தேகமில்லை.
மீசைக்குப் போன கை
பாதி வழியில் நின்றது.
திருமதி எபிஷர் என்னைப் பார்க்கவேயில்லை.
அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.
முத்திரை.
எழுபத்தைந்து பிராங், காட்டும் போடலாம்.

இரவு மனைவி கேட்டாள்:
"இண்டைக்கு ஆர் வந்தது?"
எங்கள் ஊர்க் கேள்வியில் பால் இல்லை.
வந்தேனில் இல்லை, வந்தாயில் இல்லை.
முதுகுக்குப் பின்னால் கதைக்கும்போதுதான்
ஆனும் ஆளும் தேவைப்படுகிறது.
"ஆரோ ஒரு ஆள்," என்றேன்.
சோற்றைப் பிசைந்தேன்.

வைகாசி விசாகம்.
டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் முருகன்.
பொருளாளர் நான், பட்டியலும் நான்:
இடப்பக்கம் காவடி, ஆண்கள்.
வலப்பக்கம் பாற்குடம், பெண்கள்.
நடுக்கோடு
நானே அடிமட்டம் வைத்துப் போட்டது.

நீலச் சேலையில் வரிசையில் நின்றாள்.
என்னை முன்பின் தெரியாத முகம்.
எனக்கும் அதுதான் விதி.
பின்னால் யாரோ இருமினார்கள், இருமல் இல்லாமல்.
தலைவர் என் காதுக்குக் குனிந்தார்:
"உது ஆர்? என்னெண்டு எழுதப்போறீர்?"

"பேர்?"
"கமலினி."
"நட்சத்திரம்?"
"அனுசம்."

வலப்பக்கம் எழுதினேன்.
பேனை நடுங்கியதென்றால் பொய்.
நடுங்கியது பிறகு,
தலைவர் தாளை வாங்கி
மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளியபோது.
அவள் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.
இல்லை, கொஞ்சம் சிந்தியது,
எல்லாருக்கும் சிந்துகிற அளவு.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில்
ஏழாவதாக இருக்கிறேன்,
வாகனத் தரிப்பிடப் பிரச்சினைக்குப் பிறகு.
குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை.
நான், என்று தொடங்குகிறேன்.
அடுத்த சொல்லைத் தர
எதிரில் ஒருவருமில்லை.
முகத்தில் சவர நுரை.
நான்.
நான் என்ன சொல்கிறேன் என்றால்,

கதவு தட்டப்படுகிறது.
"உள்ளுக்கை ஆரோட கதைக்கிறியள்?"