இளையதம்பியரின் முழங்கால்

எழுபதாம் ஆண்டு மலருக்குச்
சபை வரலாறு ஒரு பக்கம் போதும் என்றார் போதகர்,
படம் போட இடம் விட்டு.
அலுமாரியின் அடித்தட்டிலிருந்து
குறிப்புப் புத்தகங்கள் ஐந்தையும் கொண்டுவந்து
குசினி மேசையில் வைத்திருக்கிறேன்.
பூச்சி தின்னாத தாள்களில் இன்னும்
வைக்கோல் மணம்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் தாள்.
சூடடித்து மிஞ்சியது அவிந்து, கூழாகி,
உருளையில் நசுங்கி,
‘கர்த்தருடைய கிருபையினாலே’ என்ற
முதல் வரியைத் தாங்கிக் கிடக்கிறது.

தொடங்கினவர்கள் ஏழு பேர்.
கொதிகலன் பகுதியில் நாலு, கணக்குக் கந்தோரில் ஒன்று,
தையற்கடை அந்தோனிமுத்து, பெண்சாதி ரோசம்மா.
ஞாயிறென்று கொதிகலன் அணையாது;
அதனால் ஆராதனை இரண்டு,
வேலை மாறுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.
இரண்டுக்கும் வந்தவள் ரோசம்மா மட்டும்.
இதை யாரும் எழுதவில்லை,
அம்மா சொல்லித்தான் தெரியும்.

தெளிக்கிற ஞானஸ்நானம் எங்களுக்கில்லை.
முழுக வேணும், உச்சி முதல் உள்ளங்கால் வரை.
முதலில் ஆற்றில்தான் முழுகினார்கள்.
முதலை கண்டதாகப் பேச்சு வந்தபின்
பிரசங்க பீடத்துக்குக் கீழே சீமெந்துத் தொட்டி.
மேசன் கனகசூரியம் சைவக்காரர்,
என்ன அளவு ஐயா என்று கேட்டிருக்கிறார்.
போதகர் தன்னையே நிறுத்திக் காட்டியிருக்கிறார்.
போதகர் ஐந்தடி.

அறுபத்தொன்று, ஓகஸ்ட்.
ஆறடி இரண்டங்குலம் இளையதம்பியர் இறங்கினார்.
தலை போனது. தோள் போனது.
இடது முழங்கால் மட்டும் தண்ணீருக்கு மேலே.
மீன்கொத்தி வந்து குந்தலாம்.

செல்லுமா, செல்லாதா?
பதினொரு பக்கம் இதற்கே போயிருக்கிறது.
மந்திரியைப் பிலிப்பு முழுக்கியபோது
முழங்காலை ஆர் பார்த்தது என்று ஒருவர்.
முழங்கால் இல்லாமல் எப்படி ஐயா
முழங்காற்படியிடுவது என்று மற்றவர்.
செல்லும் என்று ஒன்பது கை, செல்லாதென்று எட்டு.
இளையதம்பியர் கை தூக்கவில்லை.
அவர் அங்கத்தவரா என்பதுதானே கேள்வி.

எட்டுப் பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்
ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப்பக்கம்
வேறு கொட்டில் போட்டார்கள்.

எழுபத்தெட்டு நவம்பருக்கு இரண்டே வசனம்:
‘கூரை போயிற்று. தொட்டி இருக்கிறது.’
அந்த இரவு அதற்குள் இருபத்திரண்டு பேர்.
கொட்டில்காரர்களின் பெண்டு பிள்ளைகளும்,
மீராலெப்பையின் இரண்டு மகள்களும்.
பலகை மூடி பறக்காமல் அதன்மேல்
குப்புறக் கிடந்தவர் இளையதம்பியர்.
அன்றைக்கு அந்த நீளம் காணும்.

காற்று அடங்கியது, எட்டுக் குடும்பமும் திரும்பிப் போனது.
கிடுகு கடன் கேட்டதாக ஒரு குறிப்பு.
கொடுத்ததாகக் குறிப்பில்லை.

மூன்றாம் புத்தகம் பாதியில் நிற்கிறது.
‘தொண்ணூறு, யூன், முதல் ஞாயிறு. வருகை பதினாலு.’
பிறகு வெறுந்தாள். இருபத்தேழு.
எண்ணினேன், எண்ணாமல் இருக்க ஏலவில்லை.
பிறகு வேறு கை, வேறு மை:
‘தொட்டியைக் கழுவினோம். மூன்று தரம்.’
என்னத்தைக் கழுவினார்கள் என்று இல்லை.

முன்னைய கையெழுத்து பிறகு எங்கும் வரவில்லை.
‘வ’னாவுக்கு வால் நீட்டி எழுதும் கை.
என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கெல்லாம்
பெயர் எழுதித் தந்த கை.
போதகர் மாற்றலாகி வந்து ஒரு வருசம்தான்,
அவருக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

அங்கத்தவர் இடாப்பில், இருபத்தோராம் பெயருக்குப் பக்கத்தில்,
பென்சிலால் ஒரு கேள்விக்குறி இன்னும் நிற்கிறது.
ஆள் செத்தும் பதினெட்டு வருசம்.
றப்பர் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்.
வைக்கோல் தாள்; நார் கிளம்புகிறது,
குறி போகவில்லை.

நாளைக்குப் போதகரிடம் கேட்கவேணும்,
இரண்டு பக்கம் தருவாரா என்று.
படம் வேண்டாம்.