இரண்டு பூட்டு

கில்ஃபெய்ன் ஆலையின் நாலாம் கிடங்குக் கதவில்
இரண்டு பூட்டு.
ஒன்று அரசாங்கத்துடையது, சாவி என் இடுப்பில்.
இன்னொன்று ஆலையுடையது, சாவி மர்டீனாவின் கழுத்தில்.
ஒருவரில்லாமல் ஒருவர் நுழைய முடியாது.
கல்யாணம் மாதிரிதான், என்றாள் ஒருமுறை;
மூன்றாம் கணவனை அப்போதுதான்
படகேற்றி அனுப்பியிருந்தாள்.

நான் வரிக்காரன்.
இந்தத் தீவில் வரிக்காரனுக்கு
வணக்கம் உண்டு, நாற்காலி கிடையாது.
என் வேலையில் எனக்கு முன்னால் இருந்த ஒருவனை,
நூற்றைம்பது வருஷம் இருக்கும்,
கடற்குகையில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்கள் பிடித்து
துடுப்பில்லாத படகில் உட்காரவைத்துத்
தள்ளிவிட்டார்களாம்.
தள்ளிய இடம் இது, என்று காட்டுவார்கள்.
நாலு பேர் நாலு இடம் காட்டுவார்கள்.

எழுபத்தொன்பது மார்ச். அளவெடுக்கும் நாள்.
பீப்பாய் எண் 1187, நிரப்பியது அறுபத்தொன்றில்.
கோலை இறக்கினேன்.
காய்ந்து வந்தது.
சாய்த்துப் பிடித்து மறுபடி இறக்கினேன்.
நுனியில் இரண்டு விரல் ஈரம்.

வருஷத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு
ஆவியாகலாம் என்று சட்டம் மன்னிக்கிறது.
அதை இங்கே தேவதைகள் கணக்கில் எழுதுவார்கள்.
'தேவதைக்கு இவ்வளவு ஆகாது,' என்றேன், 'இது மொடாக்குடி.'
மர்டீனா சிரிக்கவில்லை.
குந்தி உட்கார்ந்து விளக்கைச் சாய்த்தாள்.
மூன்றாம் வளையத்துக்குக் கீழே
மயிரிழை வெடிப்பு.
அதன் கீழே மண்தரை கறுத்து, மெத்தென்று.
பதினெட்டு வருஷமாக மண் குடித்திருக்கிறது,
சொட்டுச் சொட்டாக,
ஒரு நாளும் தள்ளாடாமல்.

'மண்ணுக்குப் பாத்தியதை உண்டு,' என்றாள்.
'எடுத்ததே அங்கிருந்துதான்.'

எடுப்பது அவள் தம்பி டூகல்ட்.
மேற்குச் சதுப்பில் மே மாதம் பீட் வெட்டுவான்.
பாசி ஒரு விரற்கடை தடிக்க இருபது வருஷம்;
அவன் மண்வெட்டி எட்டும் ஆழத்தில்
இந்த ஊருக்கு யாரும் பெயர் வைக்காத காலம்
நனைந்து கிடக்கிறது.
அதைக் காற்றில் உலர்த்தி, சூளையில் இட்டு,
மேலே பார்லியைப் பரப்பி
எரியவிடாமல் புகையவிடுகிறார்கள்.
தானியம் ஈரமாக இருக்கும்வரைதான் புகையை வாங்கும்.
காய்ந்த பிறகு ராத்திரி முழுக்க ஊதினாலும் ஏறாது.
மனிதர்களும் அப்படித்தானா, தெரியவில்லை.
நான் இங்கே வந்தபோது எனக்கு நாற்பத்தொன்று.

மிச்சமிருந்ததைச் சட்டப்படி கொட்ட வேண்டும்.
கொட்டினோம்.
எங்கே என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

முதலில் ஆஸ்பத்திரி.
ஈரக்கட்டு அவிழ்த்த புண், அயோடின்,
பிறகு படகுக் கயிற்றின் தார்,
நண்டோடு,
மழை அணைத்த வீட்டின் உத்தரம்.
முகம் சுளித்து முடிப்பதற்குள்
எங்கிருந்தோ ஒரு பேரிக்காய்,
நன்றாகப் பழுத்தது,
அந்த இடிபாட்டுக்குள் யாரோ
கழுவிக் கொண்டுவந்து வைத்ததுபோல.
தேறல் என்றால் தெளிந்தது.
இது தெளிந்த பிறகும் தன் தீயை மறக்காதது.
மர்டீனா குவளையை வாங்கினாள்.
வாங்கியவள் உடனே திருப்பித் தரவில்லை.

'இழப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
கசிவு என்று எழுதினேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
'நிலவாடகை என்று எழுது,' என்றாள்.
எழுதவில்லை. வரி விழுந்தது, ஆலை கட்டியது.
நான் என் பூட்டைப் பூட்டினேன்,
அவள் அவளுடையதை.

வெள்ளிக்கிழமைப் படகில் வீடு போனேன்.
கதவைத் திறந்த ஐஸ்லின்
கோட்டை முகர்ந்து பார்த்து,
'யார் வீடு எரிந்தது?' என்றாள்.
யாருடையதும் இல்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
அதற்குமேல் அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை.