இடப்பக்கம் நரைத்த மீசை

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு, மாசி.
மாங்குளத்து மடத்தடியில்
உப்புக்காரப் பூதரை வெட்டியவன்
நெட்டையன் என்கிறான் வைரவி.
வண்டிக்கடியில் படுத்திருந்தவன் அவன்.
அங்கிருந்து பார்த்தால் ஆடும் நெட்டைதான்.

கட்டையன் என்கிறான்
பனை வட்டிலிருந்து பார்த்த சின்னட்டி.
நடுச்சாமத்தில் பனையில் என்ன வேலை?
நீதவான் கேட்கவில்லை.
நானும் விட்டுவிடுகிறேன்.

உமையாத்தைதான் மீசையைச் சொல்கிறாள்.
இடப்பக்கம் நரைத்ததாம்.
பஞ்சாங்கம் தேடிப் பார்த்தேன்:
அமாவாசைக்கு முதல்நாள்.
கையில் விளக்கு இருந்ததா?
அந்த வரியைக் கறையான் தின்றிருக்கிறது.

ஒருவரும் பிடிபடவில்லை.

போன கிழமை, அதே இருட்டில்,
அவள் சொன்ன இருபது பாகம் தள்ளி நின்று
மச்சானை நடக்கவிட்டேன்.
வெள்ளைச் சாரம் வந்தது,
சாரத்துக்கு மேலே ஒன்றுமில்லை.
மச்சானுக்குக் கொடுவாள் மீசை.

திரும்பும்போது சந்தியில்
மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன்
முல்லைத்தீவுக்கு வழி கேட்டான்.
முகத்துக்கு நேரே லைட் கம்பம்.
கைகாட்டி அனுப்பினேன்.

“ஆர் அது? எப்படி ஆள்?”
வீட்டில் மனைவி கேட்டாள்.
“நல்ல உயரம்” என்றேன்,
கொஞ்சமும் யோசிக்காமல்.

அவன் சைக்கிளை விட்டு
இறங்கவே இல்லை.