மஞ்சள் என்றால் பிழைத்தோம்

வர்த்தூர் ரோடு, நான்காம் மாடி.
விடியும்போது தொட்டி முழுக்க நீர்மோர்.
மூன்று மீனில் ஒன்று மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடுகிறது,
சொல்ல வந்ததை மறந்துவிட்டதுபோல்.

குப்பியில் ஐந்து மில்லி.
இரண்டு மருந்திலும் எட்டெட்டுச் சொட்டு.
குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்
வண்ண அட்டையைப் பார்க்காமல்.
மஞ்சள் என்றால் பிழைத்தோம்.

பச்சை.

தீனியை அள்ளிக் கொட்டியது நீ என்றேன்.
ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து
அதில் குடியிருந்த,
கண்ணுக்குத் தெரியாத துப்புரவுக்காரர்களையெல்லாம்
சாக்கடைக்கு அனுப்பியது யார் என்றாய்.

அதற்கப்புறம் இரண்டு நாள்
மீன்களுக்குத் தீனியில்லை, நமக்குப் பேச்சில்லை.
காலையில் கால் தொட்டி இறைத்தேன்,
ராத்திரி கால் தொட்டி.
பால்கனி மணி பிளான்ட்டுக்கு மட்டும் நல்ல காலம்;
அதன் மேலும் ஏரியிலிருந்து பறந்து வந்த
ஒரு துண்டு நுரை.

இன்றைக்கும் பச்சை. கொஞ்சம் கூடுதலாக.

அபார்ட்மென்ட் குரூப்பில் தகவல்:
காவேரி வெள்ளிக்கிழமைதான், அதுவரை டேங்கர்.
நஞ்சப்பா ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு,
ஏன் என்று தெரியவில்லை,
சமையலறைக் குழாயைத் திறந்து
எந்த மீனும் தொடாத தண்ணீரைப் பிடித்து
எட்டெட்டுச் சொட்டு விட்டேன்.
ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை.

குப்பியோடு வந்து குளியலறைக் கதவைத் தட்டினேன்.
உள்ளே நீ தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாய்.

“என்ன?”

இரண்டு நாளில் உன் முதல் சொல்.
நான் வாயைத் திறந்தேன்.
மூடினேன்.