தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம்

வால்டிவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
பொறியியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
பெரிய பிரின்டரும் நானும்
ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம்.
மை தீர்ந்தால் அதற்கு விளக்கு எரியும்.
எனக்கு அப்படி ஏதும் கிடையாது.

நாளை மாணவர் ஆய்வு நாள்.
நாற்பத்தொரு போஸ்டர்.
அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர் என்று
கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
கதவைத் தள்ளுகிறவர்கள்
கதவையா படிப்பார்கள்?

பால்தசார் ஓயர்சூன் கொண்டுவந்தது
எறும்பு ஊர்ந்த தாள்.
"நாலடி தள்ளி நின்று படி" என்றேன்.
நின்றான், கடகடவென்று சொன்னான்.
"இது மனப்பாடம். இப்போது படி."
கண்ணைச் சுருக்கினான். கழுத்தை நீட்டினான்.
பிறகு என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து
பாதி வாக்கியங்களை வெட்டினான்,
ஒவ்வொன்றும் தன் விரல் என்பதுபோல்.

வெளியே வரிசை நீண்டது.
சால்மன் கம்பெனியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம்,
வேலைக்கு ஆள் பார்க்க.
ஒருவன் இரவல் சட்டையில் ஒத்திகைக்கே வந்துவிட்டான்,
கக்கத்தில் விலைச்சீட்டு தொங்க.
காப்பி எந்திரத்தை நடுவராக்கி
ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினார்கள்.
கேள்வி கேட்பது அடுத்தவன் முறை.
"சரி, இதனால் என்ன?"
"எத்தனை தடவை செய்தாய்?"
"செங்குத்து அச்சில் அலகு எங்கே?"
அலகைத் தேடி ஒருத்தி மூன்று மாடி ஏறி ஓடினாள்.

'தெரியாது' என்று சொல்லத்தான்
எல்லோருக்கும் நாக்கு புரளவில்லை.
சிலர் சிரித்தார்கள், சிலர் இருமினார்கள்.
இரவல் சட்டைக்காரன்தான் கடைசியில் சொன்னான்:
"தெரியாது. ஆனால் எப்படித் தேடுவேன் என்று சொல்கிறேன்."
காப்பி எந்திரம் அப்போது பார்த்து உறுமியது.
கைதட்டினார்கள்.

ஒரு மணிக்கு மில்லாராய் ஹுவென்சுயான்.
இரண்டு கோப்புகள்:
'இறுதி', 'நிஜமான இறுதி'.
பதினான்கு கிணறுகள், பதினான்கு புள்ளிகள்,
கொடியில் காயும் துணிபோல் ஒழுங்காக ஒரு கோடு.
ஒரு புள்ளி மட்டும்
கூரைமேல் ஏறிய ஆடு.
இரண்டாவது கோப்பில் ஆடு இல்லை.

"எது அழகாக இருக்கிறது?" என்றாள்.
இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்றேன்.

நாலாம் ஆண்டில் நானும்
ஒரு புள்ளியை அழித்தேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அந்த வருடத்தோடு படிப்பை விட்டேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
"அது யார் வீட்டுக் கிணறு?" என்று மட்டும் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக் கிணறு.
கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி போனேன்.
பஸ் இல்லாத நாளில் நடந்தும் போனேன்.
மூன்று தடவையும் அதே அளவு."

போஸ்டர் காய்வதற்காகத்
தரையில் காவலிருந்த பால்தசார்
தலையைத் தூக்கினான்.
"மூன்று தடவையுமா?
அப்படியானால் மற்ற பதின்மூன்றையும் எதற்குப் பெரிதாகப் போட்டிருக்கிறாய்?"

அவள் பதில் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
தலைப்பை மாற்றினாள், மறுபடி மாற்றினாள்.
முடிவுரையில் 'நிரூபிக்கிறது' போய்
'மீண்டும் பார்க்க வேண்டும்' வந்தது.
கம்பெனிக்காரர்களுக்கு இது பிடிக்குமா என்றாள்.
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்கு அச்சு ஓடியபோது
மெஜந்தா தீர்ந்தது.
சிவப்பாக வர வேண்டிய புள்ளி
மஞ்சளாக இறங்கியது.
வேறு மை காலையில்தான் வரும் என்றேன்.
நாலடி தள்ளிப் போய் நின்றாள்.
"தெரிகிறது" என்றாள், சுருட்டிக்கொண்டாள்.
மழைக்கு மேலே ஒரு குப்பைப் பை.

ஆய்வு நாளுக்கு நான் போவதில்லை.
வெட்டி விழுந்த ஓரங்களைப் பெருக்கினேன்.
ஆற்றங்கரை மீன் சந்தைப் பக்கம்
கடல்சிங்கங்கள் கத்தத் தொடங்கியிருந்தன.
நோட்டில் எழுதினேன்:
நாற்பத்தொன்று, மெஜந்தா இல்லை,
சுருளில் மீதி இரண்டு மீட்டர்.