எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு

எபேனில் ஏழாம் மாடி.
மூன்றாம் வகுப்பு எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்,
புயல் ரீயூனியன் பக்கம் விலகிவிட்டது.
மழை மட்டும் போக மனமில்லாமல்
கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது.

ஒன்பது சர்வர் சேர்ந்து ஒரே கிடங்கு.
ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி, மூன்று ஊர்:
எபேன், ரோஸ் பெல், போர்ட் லூயி துறைமுகத்துப் பின்கட்டு.
ஓர் ஊர் மூழ்கினால் மற்ற இரண்டும் பதில் சொல்லும்
என்றுதான் விற்றார்கள்.
இன்றிரவு எந்த ஊரும் மூழ்கவில்லை.
கிடங்கு திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து கேட்டார்கள்,
ஒரு பெண்ணின் தலை ஸ்கேன்.
"படம் இருக்கிறதா?"
இருக்கிறது. மூன்று இருக்கிறது.
"எடுக்க முடியுமா?"

அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான்
எனக்குச் சம்பளம்.

ரோஸ் பெல்லில் பஸ்கால்,
கணுக்காலளவு தண்ணீரில், தோளில் இடுக்கிய போனோடு.
"கி மன்யேர்?" என்றேன்.
"கொரெக்."
இந்தத் தீவில் கூரை பறந்தவனும்
அதைத்தான் சொல்வான்.

சர்வர்களும் அப்படித்தான்.
நொடிக்கொரு தரம் கேட்கின்றன: இருக்கிறாயா?
இருக்கிறேன்.
திரை முழுக்கப் பச்சை.
படத்தை அனுப்பு என்றால்
முதல் பொட்டலம் கிளம்புகிறது.
சேரவில்லை என்ற சேதியும் சேர்வதில்லை.
ரோஸ் பெல் செத்திருந்தால்
மற்ற இரண்டும் அதை விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கும்.
உயிரோடு இருப்பதால் காத்திருக்கின்றன.

முதலில் வட்டைச் சந்தேகித்தேன்.
பிறகு கடிகாரத்தை: நாலு மில்லிநொடி பிசகு,
அதற்காக யாரையும் தண்டிக்க முடியாது.
பிறகு சாவிக் கோப்பு. பிறகு ஃபயர்வால்.
ஒரு மணிக்கு மேல் பஸ்கால்.
"நீ எதையாவது தொட்டாயா?"
பதிலுக்குத் தண்ணீர் சளப்பிற்று.

ஒன்றே முக்காலுக்கு, வேறு வழி தோன்றாமல்,
பெரியதாக ஒன்றை அனுப்பிப் பார்த்தேன்:
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு பைட்,
வழியில் உடைக்காதே என்ற குறிப்போடு.
துறைமுகத்துக்குப் போய்த் திரும்பியது.
ரோஸ் பெல்லுக்கு
ஒன்றுமில்லை.
பாதியாக்கினேன். ஒன்றுமில்லை.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு:
ஓடி வந்தது, நாய்க்குட்டி மாதிரி.

வாசல் குறுகியிருக்கிறது.

மாற்றப் பதிவேட்டைத் திறந்தேன்.
காவடிக்கு முந்தின நாள், மாலை நாலு ஐம்பது.
*ரோஸ் பெல், புது சுவிட்ச். அளவு ஒன்பதாயிரம் ஆக்கப்பட்டது.
சோதித்தாயிற்று. முடிந்தது.*
கீழே: த. வயாபுரி.

நான்தான்.

ஆக்கினேன், உண்மை. சோதித்தேன், அதுவும் உண்மை.
விடுமுறைக்கு முந்தின கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
சேமி என்ற ஒரு சொல்லை அடிக்கவில்லை,
சேமிப்பதே பிழைப்பாக இருப்பவள்.
விழித்திருந்த வரைக்கும் மூன்று வாரம்
சுவிட்ச் என் பேச்சை வைத்துக்கொண்டிருந்தது.
ஏழு மணிக்கு மின்சாரம் போயிற்று, வந்தது.
எழுந்தபோது அதற்கு
தொழிற்சாலை சொல்லி அனுப்பியது மட்டும் ஞாபகம்.
ஆயிரத்து ஐந்நூறு.

இரண்டு வரி. பிறகு அந்தச் சொல்.
அந்தச் சொல்லை இன்னொரு முறையும் அடித்தேன்,
அவசியமில்லை.

இரண்டு பதினெட்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.
அவள் பெயர் தெரியாது. கோப்பு எண்
முப்பத்தொன்றில் முடியும்.

பஸ்காலை அழைத்தேன்.
பிழை என்னுடையது, உன்னைக் கேட்டதும் பிழை என்றேன்,
ஒரே மூச்சில், நடுவில் உடைக்காமல்.
கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம்.
"கொரெக்," என்றான்.
"விடிவதற்குள் ஒரு பம்பு அனுப்பு."