ஒன்பது கேள்விகள், பென்சிலில்

பனிக்கட்டி அடைத்த அந்த வாரம்
தீவுக்கு வந்துகொண்டிருந்தது இணையம் மட்டும்தான்.
ஃபெரி நின்றுவிட்டது. தபால் நின்றுவிட்டது.
செவ்வாய்க்கிழமைகளில் வரும் நர்ஸும்
அக்கரையிலேயே நின்றுவிட்டாள்.

என் பெயர் வெர்னா க்ளூவெட்.
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கும் தெற்கே,
நண்டு ஆலையில் பதினெட்டு வருஷம்.
கால் ஒடிப்பது, ஓடு பிரிப்பது.
கடைசியில் தேய்ந்தது என் மணிக்கட்டு.
அறுத்துத் தைத்தார்கள். வலிக்கு மாத்திரை தந்தார்கள்.
தையல் பிரித்த பிறகும்
மாத்திரை என்னைப் பிரியவில்லை.

இரவு மூன்று மணிக்குத் தேடுகிறவளுக்கு
எல்லாக் கதவும் திறக்கும்.
"ஏழே நாளில் விடுதலை" என்றது ஒன்று.
விலை இருந்தது, வாங்கப் பொத்தான் இருந்தது,
எழுதியவர் யார் என்பது மட்டும் இல்லை.
வாங்கினேன்.
கடைசித் தபாலில் வந்து சேர்ந்தது பச்சைப் பொட்டலம்.

இன்னோர் இடத்தில் ஒருவன்
தான் மீண்ட கதையை எழுதியிருந்தான்,
மில்லிகிராம் மில்லிகிராமாய், கட்டம் போட்டு.
பொய்யில்லை அது. படித்து அழுதேன்.
அந்த வியர்வை என் வியர்வை.
படுக்கையில் உதறும் அந்தக் கால் என் கால்.
ஆனால் தினமும் காலையில்
இதயத் துடிப்புக்கென்று நான் விழுங்கும் வெள்ளை மாத்திரை
அவன் கட்டங்கள் எதிலும் இல்லை.

லியாண்டர், என் கணவன், கடலுக்குப் போகிறவன்.
வரைபடம் இல்லாமல் கிளம்பமாட்டான்.
அதை மட்டும் நம்பிக் கரையணையவும் மாட்டான்.
"பாறை எங்கே என்று அது சொல்லும்.
உன் படகு எத்தனை அடி அமிழும் என்று
அதற்கென்ன தெரியும்?"
எனக்காகச் சொன்னதில்லை அது.
தம்பியோடு போட்ட சண்டையில் சிந்தியது.
நான் பொறுக்கிக்கொண்டேன்.

போன வருஷத்து அலை அட்டவணையின் முதுகில்
பென்சிலால் எழுதினேன், ஒன்பது.
மெல்லக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா?
இந்தப் பொடி அந்த வெள்ளை மாத்திரையோடு சேருமா?
நாக்கடியில் கரையும் மருந்து தருகிறார்களாமே,
அதுவும் வேறொரு விலங்குதானா?
ஏழாவதை எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.

நர்ஸ் அக்கரையில்தான்.
அவள் எண் இக்கரையில் இருந்தது,
குளிர்பெட்டிக் கதவில், மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில்.

ஓடெட் டிப்போ சிரிக்கவில்லை.
"இணையத்திலா படித்தீர்கள்?" என்று
இழுக்கவும் இல்லை.
இரண்டாம் கேள்வியில் மட்டும் குரல் மாறியது.
"பொட்டலத்தைப் பிரித்துவிட்டீர்களா?"
"இல்லை."
"அப்படியே இருக்கட்டும்."
மூச்சு விட்டது அவளா நானா, தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் திரையில் வந்தார்,
பாதி நேரம் உறைந்த முகமாய்.
நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்றார்.
என் எடை கேட்டார், தூக்கம் கேட்டார்,
யாரும் கேட்காத என் இதயத்தைக் கேட்டார்.
கட்டம் போட்டவனைப் பற்றிச் சொன்னேன்.
"அவர் பிழைத்தது நல்லது. அது அவர் உடம்பு."
ஆனால் அவன் எழுதியதில் ஒரு வரி:
மூச்சு அடங்கினால் மூக்கில் அடிக்கும் மருந்து,
வீட்டில் வை, வீட்டாருக்கும் காட்டிக்கொடு.
அதன்கீழ் இரண்டு கோடு போடச் சொன்னார்.

பனி உடைந்த சத்தம் ராத்திரி கேட்டது.
முதல் ஃபெரியில் மருந்தும் ஓடெட்டும் வந்தார்கள்.
லியாண்டர் அந்த ஸ்ப்ரேயை வாங்கி
தீப்பந்தக் குப்பி மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பிறகு உயிர்காப்பு மிதவை தொங்கும் ஆணியில் மாட்டினான்.

அலை அட்டவணையைப் புரட்டிய ஓடெட்
"போனில் எட்டுத்தான் கேட்டீர்கள்" என்றாள்.
அழித்த தடத்தின் மேல் விரலை வைத்து வாசித்தாள்:
மறுபடி விழுந்தால்
என்மேல் கோபப்படுவீர்களா?

"மாட்டேன். உடனே கூப்பிடுங்கள்.
கெட்டில் எங்கே?"

இன்று நாற்பத்தோராம் நாள்.
இரவில் இன்னும் தேடுகிறேன், படிக்கிறேன்.
செவ்வாய்க்கிழமைக்குள்
பென்சில் குட்டையாகிவிடுகிறது.